முட்டத்து வீட்டில் ஒரு ‘நோ சிக்னல்’

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாமியின் போன் வந்தது. மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். வீடு கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில், லைட்ஹவுஸ் வெளிச்சம் மொட்டைமாடியைத் தடவிவிட்டுப் போகிற தூரத்தில்.

“மக்கா, டிவியில நோ சிக்னல்னு எழுதி அங்கயும் இங்கயும் நீந்திக்கிட்டு கெடக்கு. நாளைக்கு பிள்ளைக்கு ஞானஸ்நானம். நீ ஒண்ணு வந்து பாரு.”

பிள்ளை அயர்லாந்தில் இருக்கிறது. மாமியின் மகனுக்கு அங்கே வேலை, மருமகள் நர்ஸ். ஞாயிறு அங்கே பகல் ஒரு மணிக்குச் சடங்கு. நவம்பர் மாதம் என்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஆக நமக்கு மாலை ஆறரை. போனில் பார்க்கலாம்தான். ஆனால் மாமிக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. உள்ளங்கை அளவுத் திரையில் பேத்தியின் முகம் ‘வெள்ளைத்துணி மாதிரி’தான் தெரியுமாம். அதனால் லேப்டாப்பை 43 இஞ்ச் டிவியில் கொடுத்து, வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லியாகிவிட்டது.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் 14 வருடமாக இருக்கிறேன். லேப்டாப்பை டிவியிலும் புரொஜெக்டரிலும் மாட்டுவது எனக்குப் பல் தேய்க்கிற மாதிரி. அப்படியும் ஐந்து நிமிட வேலை மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. அதில் பாதிக்கு மேல் என் தப்பு. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் போனிலேயே முடித்துவிடப் பார்த்தேன்.

“ரிமோட்ல சோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும் மாமி.”

“இருக்கு. அமுக்கினா என்னென்னமோ வருது.”

“எச்டிஎம்ஐ ரெண்டுன்னு வருதா?”

“அதுலதான் மக்கா நிக்குது. அதுலதான் நீந்துது.”

சரி, சோர்ஸ் தப்பில்லை. படமும் ஒலியும் வருகிற எச்டிஎம்ஐ துளையைத்தான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்தில் ஆறு வீடுகளில் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இங்கே முடியவில்லை.

அங்கே என்ன இருந்தது

மறுநாள் வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழியாக பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வானம் கறுத்துக் கிடந்தது.

டிவி 2017-ல் வாங்கியது. ஸ்மார்ட் டிவி இல்லை. சுவரில் மாட்டியிருந்தது, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரில். காற்று உள்ளே வந்து முதலில் முட்டுவது அந்த டிவியில்தான். பின்பக்கம் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள். ஒன்றில் செட்டாப் பாக்ஸ், டிவி வாங்கிய நாளிலிருந்து. இன்னொன்று இத்தனை வருடமும் சும்மா கிடந்தது. இந்த வரியை நான் அப்போதே நிதானமாக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

லேப்டாப் இரண்டு. அத்தான் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழசு ஒன்று. கனமானது, பேட்டரி செத்தது, ஆனால் பக்கவாட்டில் எச்டிஎம்ஐயும், பழைய காலத்துப் படத் துளையான விஜிஏவும் உண்டு. மற்றது மாமியின் மகள்வழிப் பேத்தியுடையது. இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். புதுசு, காகிதம் மாதிரி மெல்லிசு. அதில் இரண்டு டைப்-சி துளைகளும் ஒரு சாதாரண யூஎஸ்பியும் மட்டும். அவள் எழுநூறு ரூபாய் கொடுத்து ஒரு டைப்-சி எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கி வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன், சோபாவிலிருந்து டிவி வரைக்கும் எட்டும்படி 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தான்.

சனிக்கிழமையே இவர்கள் எல்லாவற்றையும் எல்லாவற்றிலும் சொருகிப் பார்த்துவிட்டார்கள். எதை எதில் மாட்டியபோது என்ன ஆனது என்று ஒருவருக்கும் நினைவில்லை. கோளாறு பார்க்கப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது குற்றவாளி என்று தெரியும்.

கன்வெர்ட்டரை முதலில் கழித்தோம்

புது லேப்டாப்பில் ஆரம்பித்தேன். கன்வெர்ட்டரைச் சொருகினால் டிவியில் ஒன்றும் இல்லை. லேப்டாப்பிலும் சின்ன அசைவு கூட இல்லை. துளைகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டின் பக்கத்திலும் யூஎஸ்பியின் சூலக்குறி மட்டும்தான்.

டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர். அதற்குள் என்ன ஓடும் என்பது தயாரித்தவர் இஷ்டம். 24 ஊசிகள் கொண்ட அந்தத் துளையில் சார்ஜ் ஏறலாம், ஃபைல் போகலாம். படமும் போக வேண்டுமென்றால் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதியை உள்ளே இணைத்திருக்க வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் பல நேரம் அது இருப்பதில்லை. இருந்தால் பெரும்பாலும் துளை அருகே டி என்ற எழுத்துக்குள் பி இருக்கிற மாதிரி ஒரு குறியோ, மின்னல் குறியோ போட்டிருப்பார்கள். சில கம்பெனிகள் வசதியைக் கொடுத்துவிட்டுக் குறியைப் போடாமல் விடுவதும் உண்டு என்பதால், மாடல் பெயரைத் தேடி அதன் விவரப் பட்டியலையும் பார்த்தோம். இரண்டு துளையும் தகவலுக்கும் சார்ஜுக்கும் மட்டும் என்று தெளிவாக இருந்தது.

“கடையில கேட்டேன் மாமா, எல்லா லேப்டாப்புக்கும் ஆகும்னு சொன்னாங்க” என்றாள் பிள்ளை. கன்வெர்ட்டர் நல்ல கன்வெர்ட்டர்தான். வராத படத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? பெட்டிக்குள் திரும்ப வைக்கச் சொன்னேன்.

கம்பியே இல்லாமல் அனுப்பலாம் என்றான் ஒன்பதாம் வகுப்பு. தப்பில்லை. விண்டோஸ் கீயோடு கே-வை அமுக்கினால் மிராகாஸ்ட் வழியே தேடும். அதற்கு நெட் கூட வேண்டாம். ஆனால் அதைப் பிடிக்கிற வசதி டிவியில் இருக்க வேண்டும், அல்லது அதற்கென்று ஒரு குச்சியைப் பின்னால் சொருக வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

நான் வீணாக்கிய நேரம்

மணி இரண்டே முக்காலுக்குப் பழைய லேப்டாப்பை எடுத்தேன். சார்ஜர் போட்டு, பத்து மீட்டர் கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறு முனையை டிவியின் இரண்டாம் துளையிலும் மாட்டினேன். டிவியின் பின்பக்கம் கை மட்டும்தான் போகும், கண் போகாது. தடவித் தடவிச் சொருகியதுதான்.

நோ சிக்னல்.

விண்டோஸ் கீயும் பி-யும். ‘டூப்ளிகேட்’ கொடுத்தேன், ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்தேன். லேப்டாப் ஒரு சத்தமும் காட்டவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் ‘டிடெக்ட்’ கொடுத்தால், வேறு திரை எதுவும் கிடைக்கவில்லை என்றது. இரண்டு முறை மட்டும், கேபிள் அசைந்தபோது, ஏதோ மாட்டப்பட்ட மாதிரி ‘டிங்’ என்று ஒரு ஒலி வந்து அடுத்த நொடியே பிடுங்கப்பட்ட ஒலியும் வந்தது. அதைக் கேட்டேன். கேட்டும் அதன் பின்னால் போகவில்லை.

போயிருக்க வேண்டும். ஆனால் நான் லேபில் வேலை பார்க்கிறவன். என் கை தானாக சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டது. திரைக்குப் படம் அனுப்புவதைக் கவனிக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் பழசாக இருக்கும் என்று முடிவு கட்டி, போன் ஹாட்ஸ்பாட்டில் புது டிரைவரை இறக்கினேன். முட்டத்தில் மழை வரப்போகிற மத்தியானம், மூன்று வீட்டுப் போன்களும் ஒரே டவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். நாற்பது நிமிடம் போனது. நிறுவி, ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் அதே நோ சிக்னல்.

அடுத்த சந்தேகம் கேபிள் மேல். எச்டிஎம்ஐ கேபிள் நீளம் கூடினால் சிக்னல் தேயும் என்பது உண்மைதான். 1080பி படத்துக்கு நல்ல கேபிள் 10 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். அதைவிட நுணுக்கமான 4கே 60 ஹெர்ட்ஸ் படம் என்றால் 5 மீட்டரைத் தாண்டும்போதே யோசிக்க வேண்டும். ஆனால் நீளத்தால் வருகிற கோளாறுக்கு முகம் வேறு: படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நடுநடுவே திரை கறுத்துத் திரும்ப வரும். லேப்டாப்புக்கு எதிரில் ஒரு டிவி இருப்பதே தெரியாமல் போவது பெரும்பாலும் நீளக் கோளாறு இல்லை. இதை இன்று நிதானமாக எழுதுகிறேன். அன்று மூன்றே முக்கால் மணிக்கு, ஹாலில் பதினைந்து பேர் சப்பாணி போட்டு உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பைக்கை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை பூட்டு. ஒரு மொபைல் கடையில் ஒன்றரை மீட்டர் கேபிள் கிடைத்தது. நனைந்து திரும்பி வந்தேன். மாட்டினேன்.

நோ சிக்னல்.

“இந்தச் சவம் நேத்து வரைக்கும் சீரியல் ஓடுன டிவிதானே?” என்றார் மாமி. அந்தக் கேள்வியில்தான் விடையே இருந்தது. சீரியல் ஓடியது ஒன்றாம் துளையில். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாமாவின் கண்ணாடி

மாமா இதுவரை வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் வள்ளங்களுக்கு அவுட்போர்டு என்ஜின் பழுது பார்த்தவர். கம்ப்யூட்டர் என்றால் தள்ளி நிற்பார். ஐந்து மணிக்கு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“மருமவனே, நீ அந்த ஓட்டைய கண்ணால பாத்தியா?”

“கை விட்டுத்தான் சொருகினேன் மாமா. சரியாத்தான் உட்காருது.”

“உட்காரும். உள்ள எப்படி இருக்குன்னு பாத்தியாண்ணு கேட்டேன்.”

சவரக் கண்ணாடியை எடுத்து வந்தார். டிவியின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, டார்ச்சைக் கண்ணாடியில் அடித்தார். வெளிச்சம் மடங்கிப் போய்ப் பின்பக்கத் துளையில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

ஒன்றாம் துளையில் செட்டாப் பாக்ஸின் முனை. இரண்டாம் துளையின் உலோக விளிம்பில் பழுப்பாகத் துரு. உள்ளே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் தகட்டில், பொன்னிறமாக இருக்க வேண்டிய ஊசிகள். அதில் கீழ்ப்பக்க ஓரத்தில் நான்கைந்து ஊசிகளின் மேல் மட்டும், பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் படியுமே, அந்தப் பச்சை. களிம்பு.

“என்ஜின் கனெக்டர்ல இது பிடிச்சா ஸ்டார்ட் ஆகாது. ஆட்டினா ஆகும், விட்டா நிக்கும். மாட்டியே வச்சிருக்கிற கனெக்டருக்கு ஒண்ணும் ஆகாது. கழத்திப் போட்டு வைக்கிறதுக்குத்தான் பிடிக்கும்” என்றார்.

கடலோர வீடுகளில் சும்மா கிடக்கும் துளைதான் முதலில் சாகும். மாட்டியே இருக்கிற துளையை முனை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று உள்ளே போக வழி குறைவு. ஊசிகளின் மேல் தங்கப் பூச்சு உண்டு, ஆனால் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் அல்லது நுண்ணிய துளை விழுந்த இடத்தில் உப்பு ஈரம் கீழே உள்ள செம்புக் கலவையைப் பிடித்துக்கொள்கிறது. எட்டு மழைக்காலம் உப்புக்காற்றைத் தின்ற துளை அது.

அந்த ஓரத்து ஊசிகள்

களிம்பு எந்த ஓரத்தில் இருந்தது என்பது முக்கியம். எச்டிஎம்ஐயில் மொத்தம் 19 ஊசிகள், ஒரு வரிசையில் பத்தும் மறு வரிசையில் ஒன்பதுமாக. முதல் 12 ஊசிகள் படத்தையும் ஒலியையும் சுமக்கிற வேகமான கம்பிகளுக்கானவை. கடைசி ஐந்து, அதாவது 15-லிருந்து 19 வரை, எல்லாம் ஒரே ஓரத்தில் கூடி நிற்கும். அவை படத்தைச் சுமப்பதே இல்லை. ஆனால் அவை பேசி முடிக்காமல் படம் கிளம்பாது.

நம்மூர்க் கல்யாணப் பேச்சு மாதிரி யோசித்தால் எளிது. லேப்டாப் 18-வது ஊசி வழியாக 5 வோல்ட் கொடுத்துக் கதவைத் தட்டுகிறது. டிவி அதைப் பார்த்துவிட்டு 19-வது ஊசியில் ‘ஆள் இருக்கிறேன்’ என்று பதில் கொடுக்கிறது. பிறகு 15, 16-வது ஊசிகள் வழியாக லேப்டாப் டிவியின் ஜாதகத்தைக் கேட்டு வாங்குகிறது. அந்த ஜாதகத்துக்கு ஈடிஐடி என்று பெயர். அடிப்படையில் 128 பைட்; எச்டிஎம்ஐ டிவிகளில் கூட ஒரு பக்கம் சேர்ந்து 256 பைட்டாவது இருக்கும். டிவி எந்தக் கம்பெனி, என்னென்ன அளவுப் படத்தை ஏற்கும், ஒலியை வாங்குமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 17-வது ஊசி இந்தப் பேச்சுக்கான தரைக்கம்பி. ஜாதகம் கைக்கு வந்த பிறகுதான் லேப்டாப் ‘டிங்’ என்று சொல்லிவிட்டுப் படத்தை அனுப்பும்.

மாமா காட்டிய பச்சை இந்த ஓரத்தில்தான். படக் கம்பிகள் நன்றாகத்தான் இருந்தன. தரகரைத்தான் வீட்டுக்குள் விடவில்லை. கேபிள் அசைந்தபோது வந்த அந்த ஒரு நொடி ‘டிங்’, களிம்பைத் தாண்டி ஊசி தொட்டுவிட்ட நேரம்.

கண்ணால் பார்த்தது மட்டும் ஆதாரம் ஆகாது. அதனால் இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்தோம். செட்டாப் பாக்ஸைக் கழற்றி அதன் இடத்தில், அதே ஒன்றரை மீட்டர் கேபிளோடு லேப்டாப்பை மாட்டினேன். சோர்ஸை ஒன்றுக்கு மாற்றிய மறுநொடி அத்தானின் பழைய டெஸ்க்டாப் படம் டிவி முழுக்க வந்து நின்றது. ஹாலில் ஒரு ‘ஹே’. அடுத்து செட்டாப் பாக்ஸை இரண்டாம் துளையில் மாட்டினேன். படம் வரவில்லை, எச்டிசிபி என்று ஏதோ எச்சரிக்கை ஒன்று மின்னி மறைந்தது. காப்புரிமைப் பூட்டான எச்டிசிபியும் அதே 15, 16-வது ஊசிகளில்தான் பேசுகிறது. ஆக லேப்டாப் நல்லது, கேபிளும் நல்லது, டிவியும் நல்லது. அந்தத் துளை மட்டும்தான் கெட்டது.

மணி ஐந்து இருபது. இந்த மாற்றிப் போடும் சோதனைக்கு மூன்று நிமிடம் ஆனது. இரண்டரை மணிக்கே செய்திருக்கலாம்.

படம் வந்த பிறகு வந்த தொல்லைகள்

டிவியின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. கீழே டாஸ்க்பாரில் பாதியைக் காணோம். இது டிவியின் பழைய பழக்கம். குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் நேராக நிற்காது என்பதால் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்று பெயர். தட்டை டிவியில் அதற்குத் தேவையே இல்லை, ஆனாலும் பல டிவிகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பில் ரெசல்யூஷனைக் குறைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அது தப்பு. டிவி ரிமோட்டில் படத்தின் அளவு பகுதிக்குப் போய் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில டிவிகளில் அந்த இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றினாலே போதும்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தது இன்னொன்று. பழைய லேப்டாப்பின் திரை 1366-க்கு 768. டிவி 1920-க்கு 1080. ‘டூப்ளிகேட்’ கொடுத்தால் இரண்டும் ஒரே அளவில் நிற்க வேண்டும் என்பதால் டிவி சின்ன அளவுக்கு இறங்கிவிடுகிறது. ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ கொடுத்ததும் பளிச்சென்று ஆனது.

ஒலி லேப்டாப்பின் கிழிந்த ஸ்பீக்கரிலிருந்தே வந்தது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியை அமுக்கி, வெளியீட்டில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ கேபிளாக இருந்தால் ஒலிக்குத் தனிக் கம்பி இழுத்திருக்க வேண்டும். அதில் படம் மட்டும்தான் போகும். 2002 டிசம்பரில் வந்த எச்டிஎம்ஐயோ படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுபோகும். மாமாவுக்கு மட்டும் விஜிஏ முனையைத்தான் பிடித்திருந்தது. “ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கு பாரு. கழராது” என்றார். நியாயம்தான்.

ஆறு மணிக்கு அத்தானை அழைத்து ஒத்திகை பார்த்தோம். அவர் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஆனால் அவருக்கு அவர் குரலே ஒரு நொடி தள்ளித் திரும்பக் கேட்டதாம். டிவி ஸ்பீக்கர் ஒலியை லேப்டாப் மைக் பிடித்து அயர்லாந்துக்கே திருப்பி அனுப்புகிறது. டிவியின் ஒலியைக் குறைத்தோம். சடங்கு நடக்கும்போது நம் பக்க மைக்கை அணைத்துவிடுவது, பேச வேண்டுமென்றால் மட்டும் திறப்பது என்று மகள்வழிப் பேத்தியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன்.

பத்து மீட்டர் கேபிள் கைவிட்டுப்போனதில் ஒரு லாபமும் கிடைத்தது. ஒன்றரை மீட்டர்தான் என்பதால் லேப்டாப்பை டிவிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலில் வைக்க வேண்டியதாயிற்று. அதனால் கேமராவும் டிவியும் ஒரே பக்கம். எல்லோரும் டிவியைப் பார்க்கும்போது அங்கே இருப்பவர்களுக்கு எல்லோர் முகமும் நேராகத் தெரிந்தது. சோபா பக்கம் வைத்திருந்தால் காதைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆறரைக்குக் கோயிலில் தொடங்கியது. சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை வீறிட்டது. மாமி எழுந்து டிவி பக்கத்தில் போய், மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு நின்று பார்த்தார். “ஐயோ, அப்படியே அவ அப்பன் மூக்கு” என்று மட்டும் சொன்னார். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அதற்கப்புறம் மாமியின் முதுகுதான் தெரிந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஆறு ஐம்பதுக்கு தேவசகாயம் மவுண்ட் பக்கமாக ஒரு இடி. மாமா எழுந்து டிவி பிளக்கைப் பார்த்தார். மாமி மாமாவைப் பார்த்தார். மாமா உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம்

மாமாவின் பயம் வீண் பயம் இல்லை. மொட்டைமாடியில் டிஷ், அதிலிருந்து இறங்கும் கேபிள், செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, டிவி, லேப்டாப். பக்கத்தில் எங்கேயாவது இடி விழுந்து அந்தக் கேபிளில் மின் அலை ஏறினால், எல்லாவற்றின் உலோக உறையும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் வரிசையில் பலவீனமானதைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எச்டிஎம்ஐ துளை செத்த டிவிகள் எங்கள் மாவட்டத்து மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. டிவியை ரிமோட்டில் அணைப்பது போதாது. டிவி பிளக்கையும் டிஷ் கேபிளையும் பிடுங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் அன்றே கவனித்திருந்தேன். லேப்டாப்பின் உலோக ஓரத்தைத் தொட்டபோது மெல்லிய சுருக்கென்று ஒரு உணர்வு. சார்ஜருக்கு மூன்று ஊசி. ஆனால் வீட்டில் இரண்டு ஊசி எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தார்கள். எர்த் கிடைக்காதபோது சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக உலோக உறையில் வீட்டு மின்னழுத்தத்தில் பாதியளவு வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ முனையைச் சொருகும்போது சின்னப் பொறி தெறித்து உள்ளே இருக்கும் சிப்பைக் கெடுக்கலாம். எச்டிஎம்ஐயை ஓடும்போதே மாட்டலாம் என்பது விதிப்படி சரி. எர்த் சரியில்லாத வீட்டில் முதலில் கேபிள், அப்புறம் பிளக். மாமா எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார். கம்பி நடுவில் அரித்து இற்றுப்போயிருந்தது. மாற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிறு டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் வைத்துவிட்டு, இரண்டாம் துளையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்தேன். பஞ்சு வேண்டாம், நூல் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிரஷ்ஷில் பச்சை வந்தது. உலரவிட்டு லேப்டாப்பை மாட்டினால் படம் வந்தது. கேபிளை லேசாகக் கீழே தொங்கவிட்டால் போகிறது, தூக்கிப் பிடித்தால் வருகிறது. பூச்சு போன ஊசிக்குத் திரும்பப் பூச்சு வராது. துளையையே மாற்ற வேண்டும் என்றால் போர்டை வெளியே எடுத்து 19 ஊசியையும் சால்டர் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். இந்த வயதான டிவிக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அத்தான் கூப்பிடும்போது செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒன்றாம் துளையில் லேப்டாப். மாமியே செய்யும்படி அந்த முனையில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறாள் பேத்தி.

இரண்டாம் துளைக்கு மாமா, ஏதோ பழைய என்ஜின் ரப்பரை வெட்டி ஒரு மூடி செய்து அடைத்துவிட்டார். அதற்குமுன் உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவலாம் என்று டப்பாவைத் திறந்துகொண்டு நின்றார்.

“கிரீஸ் மட்டும் வேண்டாம் மாமா.”

“என்ஜினுக்குப் போடுவோம்லா.”

“இதுக்கு வேண்டாம்.”

டப்பாவை மூடிவிட்டார். முழு மனதாக இல்லை.